இரவில் ஊறும் இனிப்பு

காலை எட்டரை மணி. ஒன்பது மணிக்கு ஆய்வுக்கூடத்தில் இருக்க வேண்டும். விடுதியின் உணவுக்கூடத்தில் வரிசை வாசல் வரை நீண்டு நிற்கிறது. வரிசையின் முடிவில் காத்திருப்பதோ நேற்றும் முந்தாநாளும் தின்ற அதே உருளைக்கிழங்குப் பராத்தா. "பகலில் பார்த்துக்கொள்வோம்" என்று ஒரு குவளைத் தேநீரோடு ஓடுகிறோம். பதினொரு மணிக்குக் கண் இருட்டுகிறது. சிற்றுண்டிச்சாலைக்குப் போய் இரண்டு ஜிலேபியும் ஒரு சமோசாவும் தின்று பசியாறுகிறோம். டில்லிக்கு வந்த முதலாண்டில் என் அன்றாடக் கதை இது. நம் சங்கத்து நண்பர்கள் பலருடைய கதையும் இதுவே என்பதைக் கூட்டங்களுக்குப் பின் பேசியபோது அறிந்தேன்.

சென்ற ஆண்டு ஒருநாள் இரவு, திண்டுக்கல்லிலிருந்து அம்மா தொலைபேசியில் அழைத்தார்கள். தந்தையாருக்கு நீரிழிவு என்று மருத்துவர் கூறிவிட்டாராம். அவருக்கு வயது நாற்பத்தொன்பது. "பிள்ளைங்களும் இப்பவே கவனமா இருக்கணும்னு டாக்டர் சொன்னாரு. நீ அங்க காலையில என்னடா சாப்பிடுறே?" என்று கேட்டார்கள். உயிர்வேதியியல் படிக்கிற எனக்கு, குளுகோஸ் உடைபடும் பத்துப் படிகளையும் உறக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கத் தெரியும். அம்மாவின் கேள்விக்கு மட்டும் விடை சொல்லத் தெரியவில்லை.

அந்தக் கேள்விக்கு நான் தேடிக்கொண்ட விடையே இக்கட்டுரை.

எச்சரிக்கை என் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றின் தலைமையில் நாடு முழுவதும் நடத்தப்பெற்ற ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. இருபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாக அது மதிப்பிட்டது. எண்ணிக்கையில் சொன்னால் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேர். நோயின் வாயிற்படியில் நிற்போர் மேலும் 15.3 விழுக்காட்டினர். பெற்றோருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு மிகுதி. ஆனால் வாய்ப்பு வேறு, விதி வேறு. உணவும் உழைப்பும் அந்த வாய்ப்பைக் குறைக்க வல்லவை.

காலை உணவு எளிதாக இருக்க வேண்டும், அடுப்பு வேண்டியதில்லை, நாவுக்கும் இனிக்க வேண்டும், உடலையும் கெடுக்கக் கூடாது. இத்தனைக்கும் இணங்கி வருவது, இரவில் ஊற வைத்துக் காலையில் உண்ணும் ஓட்ஸ் ஆகும். நம் கையிலுள்ள பழங்களாலும் மணப்பொருள்களாலும் அதற்குப் பாயசத்தின் சுவையும் அல்வாவின் சுவையும் ஊட்டலாம்.

புதியது அன்று

"இதெல்லாம் மேனாட்டார் பழக்கம்; நமக்கு ஒத்து வருமா?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு அவலை நினைவூட்ட விரும்புகிறேன். நெல்லை ஊற வைத்து, வறுத்து, இடித்துத் தட்டையாக்கினால் அவல். அதை நீரிலோ பாலிலோ ஊற வைத்து, வெல்லமும் தேங்காய்த் துருவலும் ஏலமும் கலந்தால், அடுப்பு மூட்டாமலே இனிப்பான சிற்றுண்டி ஆயிற்று. குசேலர் கண்ணனுக்குக் கொண்டு சென்ற பொருளும் அவலே அன்றோ! கடையில் விற்கும் தட்டையான ஓட்ஸ், அந்தத் தானியத்தின் அவல் என்று சொன்னால் மிகையாகாது.

மேனாட்டிலும் இதற்கு வரலாறு உண்டு. சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் மாக்ஸிமிலியன் பிர்ச்சர்-பென்னர் என்ற மருத்துவர் இருந்தார். 1867-இல் பிறந்து 1939-இல் மறைந்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் நோயாளிகளுக்கு அவர் ஓர் உணவை அளித்து வந்தார். ஒரு மேசைக்கரண்டி ஓட்ஸை மூன்று மேசைக்கரண்டி நீரில் பன்னிரண்டு மணி நேரம் ஊற வைப்பார். அதில் எலுமிச்சைச் சாறும், சுண்டிய பாலும், தோலோடு துருவிய பெரிய ஆப்பிள் ஒன்றும், பொடித்த கொட்டைப் பருப்பும் சேர்ப்பார். இன்று உலகெங்கும் 'மூஸ்லி' என வழங்குவது இதன் வழிவந்ததே. அப்பெயருக்குப் பொருள் ஏறத்தாழ 'சிறு கூழ்' என்பதாம். அவருடைய கிண்ணத்தில் பழமே மிகுதி, தானியம் குறைவு என்பதை நாம் கவனிக்க வேண்டும். இனிப்பு எங்கிருந்து வர வேண்டும் என்பதற்கு அதில் ஒரு குறிப்பு இருக்கிறது.

வட இந்தியாவிலும் ஓட்ஸ் விளைகிறது. பஞ்சாப், அரியானா, உத்தரப் பிரதேச உழவர்கள் 'ஜயீ' என்ற பெயரில் பயிரிடுவது இதுவே. பெரும்பாலும் அது கால்நடைத் தீவனமாகிறது. மாட்டுக்கு நல்லதென்று அறிந்ததை மனிதன் அறியச் சற்று நாளாயிற்று, அவ்வளவுதான்!

வேகாமலே எப்படி வேகிறது?

பச்சரிசியை இரவெல்லாம் ஊற வைத்தாலும் அப்படியே தின்ன முடியாது. ஓட்ஸை மட்டும் தின்ன முடிவது எப்படி?

விடை ஆலையில் இருக்கிறது. ஓட்ஸ் மணியில் மற்றத் தானியங்களைவிடக் கொழுப்பு மிகுதி. கொழுப்பைச் சிதைக்கும் நொதியும் உடன் இருக்கிறது. மணி உடைந்ததும் நொதி வேலையைத் தொடங்கிவிடும். மாவு கசந்து போகும். இதைத் தடுக்க ஆலையில் உமி நீக்கிய மணிக்கு நீராவியும் சூடும் ஏற்றுகிறார்கள். பிறகு மீண்டும் நீராவி காட்டி, உருளைகளுக்கிடையே நசுக்கித் தகடாக்குகிறார்கள். ஆகவே நாம் வாங்கும் ஓட்ஸ் முன்னமே ஓரளவு வெந்தது. தகடாக இருப்பதால் நீர் அதன் நடுவரை எளிதில் சென்று சேர்கிறது. ஆறு முதல் எட்டு மணி நேரத்தில், சூடு இல்லாமலே மென்மையாகிவிடுகிறது.

கடையில் மூன்று வகை காணலாம். மணியை வெட்டி மட்டும் வைத்த நொய் ஒன்று. பெரிய தகடு ஒன்று. மெல்லியதாகச் சிறு துண்டுகளாக்கிய 'உடனடி' வகை ஒன்று. இரவு ஊற வைப்பதற்கு நடுவிலுள்ள பெரிய தகடே ஏற்றது. நொய் காலையிலும் கடிக்கக் கடினமாக இருக்கும். உடனடி வகை கூழாகிவிடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. உணவு இரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு விரைவாக ஏற்றுகிறது என்பதைக் குளுகோஸை 100 எனக் கொண்டு அளப்பர். பல சோதனைகளைத் தொகுத்து 2015-இல் வெளிவந்த ஆய்வின்படி, பெரிய தகட்டு ஓட்ஸின் எண் 53. உடனடி வகையின் எண் 75. தானியம் ஒன்றே. தகடு மெலிய மெலியச் செரிமான நொதிகளுக்கு வழி எளிதாகிறது. சர்க்கரையும் விரைந்து ஏறுகிறது.

வழவழப்பின் பயன்

ஊறிய ஓட்ஸைக் கரண்டியால் எடுத்தால் சற்று வழவழவென்று இருக்கும். சிலருக்கு அது பிடிப்பதில்லை. ஆனால் இவ்வுணவின் சிறப்பே அவ்வழவழப்புத்தான். பீட்டா குளுகான் என்னும் கரையும் நார்ச்சத்து அதற்குக் காரணம். 100 கிராம் ஓட்ஸில் ஏறத்தாழ 4 கிராம் இருக்கும்.

இந்த நார் குடலில் நீரோடு சேர்ந்து கெட்டியான களியாகிறது. அக்களியின் ஊடே குளுகோஸ் மெதுவாகவே குடற்சுவரை அடைகிறது. வயிறும் மெதுவாகக் காலியாகிறது; பதினொரு மணிப் பசி வருவதில்லை. களி பித்த அமிலங்களையும் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறது. அவற்றை மீண்டும் உண்டாக்கக் கல்லீரல் இரத்தத்திலுள்ள கொலஸ்டிராலை எடுத்துச் செலவிடுகிறது. நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுகான், கொழுப்புக் குறைந்த உணவோடு சேரும்போது இதய நோயின் வாய்ப்பைக் குறைக்கலாம் என்று உணவுப் பொதிகளில் எழுத அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறை 1997-இல் இசைவளித்தது. 40 கிராம் ஓட்ஸ் உண்டால் அதில் ஏறத்தாழ பாதி நமக்குக் கிடைத்துவிடுகிறது.

சர்க்கரையின்றி இனிப்பது எப்படி?

இனிப்பு வேண்டும் என்று நாம் சர்க்கரையைக் கொட்டினால் மேற்சொன்ன நன்மை வீணாகும். உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் ஒரு வரையறை தந்தது. உணவில் நாம் சேர்க்கும் சர்க்கரையும், தேனிலும் பழச்சாற்றிலும் உள்ள சர்க்கரையும், நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். இருபதில் ஒரு பங்குக்குக் குறைந்தால் மேலும் நல்லது. 2,000 கலோரி உண்பவருக்கு அவை முறையே 50 கிராமும் 25 கிராமும் ஆகும். முழுப் பழத்திலும் பாலிலும் இயற்கையாக உள்ள சர்க்கரை இக்கணக்கில் சேராது. வெல்லம் சேரும். "வெல்லந்தானே, எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம்" என்பார் சொல்லை நம்ப வேண்டாம். அதில் பெரும்பகுதி சர்க்கரையே.

இங்கே ஓர் இடையூறு உண்டு. குளிர்ந்த பொருளில் இனிப்புக் குறைவாகவே தெரியும். உருகிய ஐஸ்கிரீமைச் சுவைத்தவர்கள் அது திகட்டுவதை அறிவார்கள். குளிர்ந்திருந்தபோதும் அதில் இருந்தது அதே சர்க்கரைதான். நாவின் சுவை அரும்புகளிலுள்ள ஒரு புரதம் வெப்பம் ஏறும்போது மிகுதியாகவும், குளிரில் குறைவாகவும் இயங்குவதே காரணம் என 2005-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆகையால் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்ததும் உண்ணாமல், பத்து நிமிடம் வெளியே வைத்து உண்பது நல்லது. ஒரு கரண்டிச் சர்க்கரை அதிலேயே மிச்சமாகும்.

அடுத்த துணை மணம். வனிலாவின் மணம் சேர்ந்தால் அதே பால் கூடுதலாக இனிப்பதாகத் தோன்றும். இனிப்போடு சேர்த்தே பழகிய மணம் இனிப்பை நினைவூட்டுகிறது. நமக்கு அவ்வாறு பழகியது ஏலம். மூன்றாவது, ஒரு சிட்டிகை உப்பு; அது தானியத்தின் மெல்லிய கசப்பை அடக்கி இனிப்பை எடுத்துக் காட்டும். நான்காவது, நன்கு கனிந்த பழம். வாழைப்பழத்தின் தோலில் கரும்புள்ளி விழும்போது அதன் மாவுச்சத்தில் பெரும்பகுதி சர்க்கரையாக மாறியிருக்கும். கடைக்காரர் மலிவாகத் தள்ளிவிடும் அப்பழமே நமக்கு உகந்தது.

செய்முறை

ஒருவருக்கு வேண்டிய அளவு: பெரிய தகட்டு ஓட்ஸ் 40 கிராம், காய்ச்சி ஆறிய பால் 150 மில்லி லிட்டர், புதிய தயிர் இரண்டு மேசைக்கரண்டி, சப்ஜா விதை ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. மூடியுள்ள கண்ணாடிச் சீசா ஒன்றைக் கொதிநீரில் கழுவி, இவற்றைப் போட்டுக் கலக்கி, குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு உறங்கச் செல்லலாம். தயிர் சிறிது புளிப்பும் கெட்டித் தன்மையும் தரும். சப்ஜா ஊறிப் பருத்து, கலவையைப் பாயசம்போல் ஆக்கும். காலையில் பழமும் ஒரு மேசைக்கரண்டி பாதாம் அல்லது நிலக்கடலையும் சேர்த்தால், 350 முதல் 400 கலோரியும் 12 கிராம் அளவுக்குப் புரதமும் கிடைக்கும்.

இனிச் சுவைகள். நான் பலமுறை செய்து பார்த்தவற்றுள் நான்கை மட்டும் சொல்கிறேன்.

கேரட் அல்வா: டில்லியில் குளிர்காலத்தில் வரும் சிவப்புக் கேரட்டைத் துருவி, அரைத் தேக்கரண்டி நெய்யில் ஐந்து நிமிடம் வதக்கி, ஆறிய பின் ஓட்ஸோடு சேர்த்து ஊற வைக்க வேண்டும். பொடியாக நறுக்கிய பேரீச்சம்பழம் இரண்டு, ஏலப்பொடி, காலையில் சில பாதாம் துண்டுகள். கேரட்டின் நிறப்பொருள்கள் கொழுப்பில் கரைபவை. ஆகவே அந்தச் சிறிதளவு நெய் வீணன்று.

பாயசம்: தேங்காய்த் துருவல் ஒரு மேசைக்கரண்டி, உலர்ந்த திராட்சை பத்து, ஏலம், நுனிக்கரண்டிச் சுக்குப் பொடி. வெல்லம் வேண்டுமென்றால் ஒரு தேக்கரண்டி, அதற்குமேல் வேண்டாம். காலையில் வறுத்த முந்திரி நான்கு. வீட்டு நினைவு வரும் நாள்களில் நான் செய்வது இதையே.

சாக்கொலேட்: கனிந்த வாழைப்பழம் ஒன்றை மசித்து, இனிப்புச் சேராத கோகோப் பொடி இரண்டு தேக்கரண்டி கலக்க வேண்டும். பாலில் கலந்து குடிக்க விற்கும் சாக்கொலேட் மாவு வேறு. அதில் சர்க்கரை மிகுதி.

மாம்பழம்: கோடையில் தசேரி கனியும் காலத்தில், பாலைக் குறைத்து, துணியில் வடிகட்டிய தயிரைக் கூட்டி, குங்குமப்பூ இரண்டிழை சேர்த்து ஊற வைக்க வேண்டும். மாம்பழத் துண்டுகளைக் காலையில் கலக்கலாம். மராட்டிய நண்பர் ஒருவர் உண்டுவிட்டு, "எங்கள் ஊர் ஸ்ரீகண்டைத் திருடிவிட்டாயே!" என்றார்.

நான் செய்த பிழை

இதுவரை இனிப்பைச் சொன்னேன். இனி என் பிழையையும் சொல்ல வேண்டும். உண்மையில் இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே அப்பிழைதான்.

முதன்முறை இதைச் செய்தது ஒரு ஜூலை மாதத்தில். என் அறையில் குளிர்ப்பெட்டி இல்லை. "பழைய சோறு இரவெல்லாம் வெளியே ஊறவில்லையா? இதுவும் ஊறட்டும்" என்று எண்ணி, சீசாவைச் சன்னலில் வைத்துவிட்டேன். காலையில் வாசனை ஏதும் மாறவில்லை. உண்டேன். இரண்டு மணி நேரத்தில் வாந்தி தொடங்கியது. அன்று செய்முறைத் தேர்வு. தேர்வு போயிற்று, மறு தேர்வுக்கு ஒரு மாதம் காத்திருந்தேன். நுண்ணுயிரியல் பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவன் நான் என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

என் ஒப்புமை எங்கே தவறியது? பழைய சோற்று நீரில் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் பெருகி அதைப் புளிக்கச் செய்கின்றன. அப்புளிப்பு மற்ற நுண்ணுயிர்களை ஓரளவு அடக்கி வைக்கிறது. பாலில் ஊறும் ஓட்ஸிலோ எந்த நுண்ணுயிர் முந்திக்கொள்ளும் என்று சொல்ல இயலாது. தானியங்களில் 'பாசில்லஸ் சீரியஸ்' என்ற நுண்ணுயிரின் வித்துகள் இருப்பதுண்டு. நீராவிச் சூட்டையும் அவை தாங்கும். ஈரமும் வெப்பமும் பாலும் சேர்ந்தால் முளைத்துப் பெருகும். வாந்தியை உண்டாக்கும் அதன் நஞ்சு, பிறகு காய்ச்சினாலும் அழியாது. ஒரு நுண்ணுயிர் அரைமணிக்கொருமுறை இரண்டாவதாகக் கொண்டால், எட்டு மணி நேரத்தில் பதினாறு இரட்டிப்புகள். ஒன்று 65,536 ஆகிவிடும். மூக்கு அதை எச்சரிப்பதில்லை.

ஆகவே விதி இது: ஊறும் நேரம் முழுவதும் 5 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ குளிர் வேண்டும். "டில்லிக் குளிரில் சன்னலே குளிர்ப்பெட்டியாயிற்றே" என்பவரும் உண்டு. சனவரி இரவின் சராசரிக் குறைந்த வெப்பமே 7 டிகிரியை ஒட்டியது. அறைக்குள் இன்னும் கூடுதல். அதுவும் போதாது.

குளிர்ப்பெட்டி இல்லாதவர்கள் என்ன செய்வது? காலையில் எழுந்ததும், கொதிக்கும் பாலை ஓட்ஸின்மேல் ஊற்றி மூடிவிட்டுக் குளிக்கச் செல்லுங்கள். இருபது நிமிடத்தில் திரும்பும்போது மென்மையாகியிருக்கும். பழமும் ஏலமும் சேர்த்து உடனே உண்ணலாம். குளிர்ப்பெட்டி இருந்தாலும் இரண்டு நாளைக்கு மேல் வைக்க வேண்டாம். நறுக்கிய பழத்தைக் காலையிலேயே சேருங்கள்.

சில குறிப்புகள்

நார் பழகாத வயிற்றில் முதல் வாரம் காற்றுச் சேரும். 20 கிராமில் தொடங்கிக் கூட்டுவது நல்லது. நீரும் நிறையக் குடிக்க வேண்டும். கோதுமைப் புரதம் ஒவ்வாதவர்கள், கோதுமை கலவாதது என்று சான்று பெற்ற ஓட்ஸையும் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர்கள் காலை உணவை மாற்றுமுன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பழச்சுவை, சாக்கொலேட் சுவை என்று பொதியிலேயே இனிப்பூட்டி விற்கும் ஓட்ஸை வாங்குவோர், பொதியின் பின்புறம் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' எவ்வளவு என்று படித்துப் பார்த்த பின் பணம் கொடுக்க வேண்டும்.

ஓட்ஸ் ஒன்றே உயர்ந்தது என்று நான் கூறவில்லை. ஊரில் கேழ்வரகுக் கூழும் சிவப்பரிசி அவலும் உண்டு. அவை கிடைக்கும் இடத்தில் அவற்றை விட்டுவிட்டு இதைத் தேட வேண்டியதில்லை. ஊரைவிட்டு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், அடுப்பில்லாத அறையில், ஒன்பது மணி வகுப்புக்கு ஓடும் நமக்கு இது ஒரு நல்ல துணை.

சென்ற விடுமுறையில் திண்டுக்கல் சென்றபோது, தந்தையாரின் மருத்துவரைக் கேட்டுவிட்டு, வெல்லமின்றிப் பாயசச் சுவையில் ஒரு கிண்ணம் செய்து கொடுத்தேன். நோய் தெரிந்த நாள் முதல் இனிப்பைத் தொடாதிருந்தவர் அவர். மெல்ல உண்டு முடித்து, கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஏலக்காய் இன்னுங் கொஞ்சம் போட்டிருக்கலாம்" என்றார். அம்மா சிரித்தார்கள்.

இப்போது அம்மா தொலைபேசியில் கேட்டால் எனக்கு விடை இருக்கிறது. நண்பர்களே, உங்கள் வீட்டிலிருந்தும் அக்கேள்வி வரும். இன்றிரவே ஒரு சீசாவைக் கழுவி வையுங்கள்.